திண்டிவனம் வரைக்கும் ஒரு சார்ஜ்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்கும் கேட் டூட்டி. திண்டிவனம் வண்டி வெளியே போகும்போது, புதுசாக வந்திருக்கிற டிரைவர் கியரைப் போட்டு அரைத்தான் பாருங்கள் — யாரைப் பாருங்கள் என்கிறேன், இதைப் படிக்கப் போவது நான் ஒருத்தன்தான் — எனக்குப் பல் கூசிவிட்டது. கிளட்ச்ச முழுசா மிதிடா சாவுகிராக்கி. வாய் வரைக்கும் வந்தது. கேட்டைத் திறந்துவிட்டுக் கம்மென்று நின்றேன். கேட் திறக்கிறவன் கியரைப் பற்றிப் பேசினால் எவன் கேட்பான்?

விழுப்புரம் – திண்டிவனம் ரூட் முப்பது வருஷம் என் கையில் இருந்தது. சர்க்கரையில் இடது கண் போனது. கனரக வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் டெப்போவில் லைட் டூட்டி. ஒரு நாற்காலி, ஒரு குடை, ஒரு விசில்.

அம்சா போய் நாலு மாசம் ஆகப் போகிறது. திண்டிவனத்தில் அவள் தங்கச்சி செண்பகத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், பத்து நாள் கூட இருந்துட்டு வந்துடறேன் என்று சித்திரையில் போனாள். அதற்கப்புறம் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. போன் பண்ணினால் "சாப்ட்டியா? மாத்திரை போட்டியா?" அவ்வளவுதான் பேச்சு.

நான் இன்னா அடிச்சேனா? குடிச்சேனா? வூட்ல கம்முனு உக்காந்துக்கினு இருந்தேன். கதவ டமால்னு சாத்தாத, அடுப்ப கொறச்சி வையி, தண்ணிய சிந்தாத — இவ்ளோதான் சொன்னேன். நல்லதுக்குத்தான சொன்னேன்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

டெப்போவில் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். சர்க்கரை என்று சொல்லி வாங்காமல் வந்தேன்.

ஓசூரிலிருந்து மக அஸ்வினி போன் பண்ணினாள். "ஏம்பா, ஒரு பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். போய் அம்மாவப் பாத்துட்டு வாயேன்."

ஏற மாட்டேன். அந்த ரூட்டில் நான் சீட்டில் உட்கார்ந்து போவதா? கண்டக்டர் ஒவ்வொருத்தனுக்கும் என்னைத் தெரியும். பாவம் துரைக்கண்ணு அண்ணே, ஜன்னல் ஓரம் வுடுங்கப்பா என்பார்கள். அதைக் கேட்க என்னால் ஆகாது. ரயிலில் போயேன் என்றாள். ரயிலை மட்டும் நானா ஓட்டுகிறேன்? மொபெட்டை வித்தாச்சு, விற்காமல் வைத்திருந்தாலும் லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது.

நானே ஓட்டிக்கொண்டு போய் அம்சா வாசலில் நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் "வா, வூட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட எனக்கு வாய் வரும். யாரோ ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்ட ஆளாகப் போனால் வராது. இதை அஸ்வினியிடம் சொன்னால் சிரிப்பாள். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராயப்பன் பேத்திக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற சடங்கு. பொம்மையார்பாளையத்தில் விருந்து. ராயப்பன் டெப்போ எலக்ட்ரீஷியன். என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கிற ஆள் என்று மிச்சம் இருப்பது அவன் ஒருத்தன்தான். அவன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் போனேன். ராயப்பன் வண்டி கணக்கில் வராது.

திரும்பி வரும்போது குயிலாப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடை. வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. சொந்த ஊருக்குத் திரும்பிப் போகிற வெள்ளைக்கார அம்மா விற்கக் கொடுத்ததாம். வளைந்த ஹேண்டில் பார், தோல் சீட்டு, முன்னால் பிரம்புக் கூடை, பித்தளை மணி, இளம்பச்சைப் பெயிண்ட். அந்தக் காலத்துச் சைக்கிள் மாதிரியே புதுசாகச் செய்தது. நம்மூர்ல இல்லாத பழசா? புதுசா செஞ்சி பழசுன்னு விக்கிறானுங்க, அதையும் வாங்கறானுங்க.

சும்மா ஏறிப் பார்த்தேன். தாழ்வான கம்பி, என் முட்டிக்கு வசதியாக இருந்தது.

ராயப்பன் குனிந்து முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "துரை, இதுல சின்னதா ஒரு மோட்டார் மாட்டுனா லைசென்ஸும் வாணாம், நம்பர் பிளேட்டும் வாணாம். மெதுவாத்தான் போவும். ஆனா போவும்."

"எதுவரைக்கும்?"

"நீயும் கூட மிதிச்சின்னா ஒரு சார்ஜ்ல திண்டிவனம் போவும்."

பாண்டி என்று சொல்லியிருக்கலாம். கடலூர் என்று சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் திண்டிவனம் என்றான். பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய குட்டியானையில் போட்டு விழுப்புரம் வந்து சேர்ந்தது. வீடு பூராவும் கவிச்சி.

ஆகஸ்ட் 25, திங்கள்

டெப்போவில் விஷயம் பரவிவிட்டது. "ஏண்ணே, கூடையில பூ வெச்சிக்கினு யாரப் பாக்கப் போறீங்கோ?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். 

செப்டம்பர் 6, சனி

மோட்டார் பார்சல் வந்தது. பிரித்துப் பரப்பினால் தரையில் கால் வைக்க இடமில்லை. மோட்டார் வைத்த முன்சக்கரம், மூளை மாதிரி ஒரு சின்ன டப்பா — அதற்குக் கண்ட்ரோலர் என்று பேராம் — கையில் முறுக்குகிற ஆக்ஸிலேட்டர், எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டும் டிஸ்ப்ளே, செங்கல் கனத்துக்குப் பேட்டரி, சார்ஜர்.

"எல்லாம் மொதல்ல பாத்துட்டு மாட்டலாம்"னு ராயப்பன் சொன்னான். எனக்குக் கை பரபரத்தது. அம்சா இருந்திருந்தால் நடுவீட்டில் இதைப் பரப்பியதற்கு ஒரு ஆட்டம் ஆடியிருப்பாள். ஆடட்டுமே. ஆடுவதற்கு ஆள் இல்லாததால் அந்தச் சக்கரம் நடுவீட்டிலேயே கிடக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

டூட்டி முடிந்து ராயப்பன் வந்தான். ரெண்டு பேரும் மாட்டினோம். முன்பக்கக் கவையில் சக்கரத்தின் அச்சு இறங்கவில்லை, அரம் போட்டுத் தேய்த்தோம். சீட்டுக்குப் பின்னால் பேட்டரிக்கு ஒரு தகரப் பெட்டி. ஸ்கிராப்புக்குப் போன பஸ்ஸிலிருந்து கண்ணாடி ஒன்றை எடுத்து, வெட்டி, வலது பக்கம் மாட்டினேன். ஒற்றைக் கண்ணுக்குப் பின்னால் வருவது தெரிய வேண்டும்.

ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். வண்டி பின்னால் போனது.

சத்தியமாகப் பின்னால் போனது. என்னையும் தூக்கிக்கொண்டு போய்த் துணி துவைக்கிற கல்லில் இடித்தது. "ஒயர மாத்தி குடுத்துட்டியாடா பேஜாரு புடிச்சவனே"ன்னு ராயப்பன கத்தினேன். அவன் எனக்கு மேல கத்தினான். கடைசியில் பார்த்தால் சக்கரத்தை வலது இடது மாற்றி மாட்டியிருக்கிறோம். ஒருத்தன் முப்பது வருஷ டிரைவர், ஒருத்தன் முப்பது வருஷ எலக்ட்ரீஷியன். ராயப்பன் சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டே போய்விட்டான்.

அவன் போன பிறகு எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். அம்சாவுக்குப் போன் போட்டேன்.

"சைக்கிளுக்கு மோட்டார் வெச்சேன். பின்னாடி போச்சு."

"பின்னாடியா?" மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் இருந்தது. உடனே, "அரிசி ஊறிக்கினு இருக்குது, அரைக்கணும். வெச்சிடறேன்"னா.

இவ்வளவு அரிசி யாருக்கு ஊறுகிறது? அப்புறம் அஸ்வினியைக் கேட்டேன். அம்சா இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுக்கிறாளாம். ரெண்டு மாசமாக. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

முண்டியம்பாக்கம் வரைக்கும் போய் வந்தேன்.

எப்படி எழுதுவது? முறுக்கினால் முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. சத்தமே இல்லை. எதிர்க்காற்று முகத்தில் படுகிறது. என் கையில் ஒரு வண்டி நான் சொல்கிற பக்கம் திரும்பி எவ்வளவு நாளாயிற்று! அங்கே பெரியாஸ்பத்திரி வாசலில் நிறுத்தி ஒரு டீ குடித்தேன். அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

ரசம் வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன். சொல்வதற்கு ஆளில்லை, நானே கண்டுபிடித்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி. நல்ல நாள், எனக்கு லீவும் இருக்கிறது. நேற்றே அம்சாவிடம் சொல்லிவிட்டேன்.

"விஜயதசமிக்கு வர்றேன்."

"எதுல வருவ?"

"என் வண்டியில."

 "சரி, வா"ன்னா.

இதை அப்படியே எழுதி முடித்திருக்கலாம். முடியவில்லை. இன்றைக்கு மத்தியானம் கெங்கம்மாள் என் வண்டியைக் குளிப்பாட்டிவிட்டாள்.

கெங்கம்மாள் டெப்போவில் பஸ் கழுவுகிற பொம்பளை. பூஜைக்கு முந்தின நாள் என்றால் எல்லா வண்டியையும் பிரஷர் பைப் வைத்து அடித்துக் கழுவுவாள். ஷெட் ஓரத்தில் என் சைக்கிளும் நின்றது. அதையும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தி, மேலேயும் கீழேயும் அடித்து, துடைத்து, ஹேண்டில் பாரில் சந்தனம் குங்குமம் வைத்து, டிஸ்ப்ளே நடுவிலேயும் ஒரு பொட்டு. நான் போய் முறுக்கினால் ஒன்றுமில்லை. பெட்டியைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது.

கத்திட்டேன். அறிவிருக்குதாம்மா உனக்கு, கரண்ட்டு வண்டிக்குத் தண்ணி அடிக்கிறியே, இது என்னா எருமமாடா? எல்லாரும் வேலைய வுட்டுட்டு பாத்தாங்க. அவள் பைப்பைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"எல்லா வண்டியும் குளிச்சிருக்குது. உன்னுது மட்டும் அழுக்கா நிக்கணுமாண்ணா? நீயும் டிரைவர்தான?"

அதுக்கும் கத்தினேன். கடைசியில் அழுதுவிட்டாள். நான் கேட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்தார்கள். கெங்கம்மாள் அந்தப் பக்கமே இருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. என் சைக்கிள் சந்தனத்தோடு செத்துக் கிடக்கிறது.

அம்சாவுக்குப் போன் பண்ணி வரமுடியாது என்று சொல்ல வேண்டும். கை வரவில்லை. நாளைக்குக் காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 2, வியாழன்

சொல்லவில்லை.

சாயங்காலம் அஸ்வினி பேசினாள். "அம்மா மத்தியானம் வரைக்கும் சாப்டாம பாத்துக்கினு இருந்தாங்களாம்பா. வடை சுட்டு, பாயசம் உனக்குன்னு சக்கரை போடாம தனியா எடுத்து வெச்சி. சித்தி சொன்னாங்க." வண்டி கெட்டுப்போன கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே வார்த்தை: "பஸ் ஓடுச்சு இல்ல?"

ஓடிச்சு. நான்தான் லீவுல வூட்ல குந்திக்கினு இருந்தேன். டெப்போ பின்னாடிதான் வூடு. ஒவ்வொரு வண்டி வெளிய போற சத்தமும் கேட்டுச்சு.

அக்டோபர் 5, ஞாயிறு

கெங்கம்மாள் வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு பை ரேஷன் அரிசி. "செல்போனு தண்ணியில வுழுந்தா அரிசியில பொதச்சி வெப்பாங்களாம். என் பொண்ணு சொல்லுச்சு. போட்டுப் பாருண்ணா." உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள். மன்னிச்சுக்க என்று சொல்ல நினைத்தேன். "ஏம்மா, டீ குடிச்சிட்டுப் போ" என்றுதான் வாயில் வந்தது. நின்று குடித்தாள். அழுக்கா நிக்கணுமா என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. டெப்போவில் அத்தனை பேரில் என் சைக்கிளைப் பஸ்ஸோடு வரிசையில் நிறுத்தினவள் அவள் ஒருத்திதான். அவளப் போயி!

ராயப்பன் கண்ட்ரோலரைக் கழற்றி அரிசியில் புதைத்தான். பேட்டரிக்குள் தண்ணீர் போகவில்லை, பிழைத்தது.

அக்டோபர் 11, சனி

கண்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது. சக்கரம் சுற்றுகிறது. டிஸ்ப்ளே மட்டும் போய்விட்டது. இனி எவ்வளவு சார்ஜ் இருக்கிறதென்று தெரியாது, குத்துமதிப்பாகத்தான் போக வேண்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. கெங்கம்மாள் அதிரசம் கொடுத்தனுப்பினாள். பாதி தின்றேன், சர்க்கரை ஏறினால் ஏறட்டும்.

அம்சா போனை எடுத்தாள். "பண்டிகை மாவு, நிக்க நேரமில்ல. அப்பறம் பேசறேன்." விஜயதசமியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்புறம் அவள் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு வெடிச் சத்தத்தில் டி.வி.கூடக் கேட்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டு ரோடு காய்ந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பதைவிடச் சொல்லாமல் போய் நிற்பது மேல்.

தண்ணீர், மாத்திரை, ஸ்பேனர், பஞ்சர் சாமான் எல்லாம் கூடையில். சர்வீஸ் ரோடு இருந்த இடத்தில் அதிலும், இல்லாத இடத்தில் பெரிய ரோட்டு ஓரத்திலும் போனேன். லாரி போகிறபோது அடிக்கிற காற்றில் வண்டி ஒரு ஆட்டம் ஆடும், பிடித்துக்கொள்ள வேண்டும். விக்கிரவாண்டி தாண்டித் திண்டிவனம் பஸ் பின்னால் வந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டேன். அந்தக் கியர் அரைக்கிற பையன்தான். ஹாரன் அடித்து, வண்டியை மெதுவாக்கி, பக்கத்திலேயே கொஞ்ச தூரம் வந்தான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "அண்ணே, ஓவர்டேக் பண்ணிக்கட்டுமாண்ணே?" என்றான். போடா என்று கை காட்டினேன். எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. பொய் சொல்வானேன்.

கூட்டேரிப்பட்டு மேம்பாலம் ஏறி இறங்கியதும் மோட்டார் செத்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. பாக்கித் தூரம் மிதிதான். முட்டி என்னைக் கண்டபடி திட்டியது. ஊருக்குள் வந்ததும் இறங்கித் தள்ளினேன். அம்சா தெருமுனையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தேன். தள்ளிக்கொண்டு போய் நிற்கக் கூடாது.

அம்சா வாசலில் யாருக்கோ தூக்கில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. அது எனக்கு ஏன் வலித்தது?

"இன்னாயா இது, விழுப்புரத்துலேர்ந்து இதுலயா வந்த?" கொஞ்சம் பயந்துதான் கேட்டாள். "உள்ள வா. மூஞ்சி கழுவு."

கேப்பைக் கூழும், வேர்க்கடலை வறுத்து அரைத்த மல்லாட்டைத் துவையலும் கொடுத்தாள். செண்பகம் நல்லா இருக்கீங்களா மாமா என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"வா, வூட்டுக்குப் போலாம்."

மாவு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டேதான் பதில் சொன்னாள். "அங்க வந்து இன்னா பண்ண? நீ செவுத்தப் பாத்துக்கினு குந்திக்கினு இருப்ப. நான் உன்ன பாத்துக்கினு இருக்கணும். நான் கதவ தொட்டா தப்பு, தட்ட வெச்சா தப்பு. உனக்கு கண்ணு போச்சுன்னு நான் அழுவாத நாளில்ல. ஆனா நீ வண்டிய வுட்டு எறங்கவே இல்லய்யா. வூட்லயும் ஓட்டிக்கினே இருந்த. இங்க காலையில எழுந்தா, மாவு வந்துச்சான்னு நாலு வூட்ல கேக்கறாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் பதிலுக்குக் கத்தவும் முடியவில்லை. 

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "வண்டிக்கு கரண்ட்டு போடணும் இல்ல? பிளக்கு அங்க இருக்குது" என்றாள். எழுந்து கூடையைத் துழாவினேன். சார்ஜர் இல்லை. விழுப்புரத்தில் சுவரோடு தொங்குகிறது.

முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது டீசலைப் பற்றி யோசித்தவனா நான்? ராத்திரி டெப்போவில் ரொப்பி வைப்பார்கள். காலையில் ஏறி உட்காருவேன், எடுப்பேன். டேங்க் எங்கே ரொம்புகிறது என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதே புத்தி. அம்சாவிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பொத்தாமலும் சிரித்தாள்.

"வண்டி இங்கயே இருக்கட்டும். அடுத்த வாரம் அத கொண்டாந்து எடுத்துக்கினு போ."

ஆக, பஸ். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டியாகப் போகவிட்டேன். இருட்டுவதற்குள் போக வேண்டுமே என்று ஒன்றில் ஏறினேன். தெரிந்த கண்டக்டர்தான். "அண்ணே, முன்னாடி வாங்கோ, இன்ஜின் பக்கம்" என்றான். வேண்டாம் என்று நடுவில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அவன் பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை, அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டான்.

பக்கவாட்டில் இந்த ரோடு எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. நேராகப் பார்த்தே காலம் போயிருக்கிறது. மயிலம் மலை இவ்வளவு நேரம் கூடவே வருமா? என் பக்கத்தில் ஒரு அம்மா தூங்கித் தூங்கி என் தோளில் விழுந்தாள். எழுப்பவில்லை. டிரைவர் ஒரு பிரேக் தப்பாகப் பிடித்தான். என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது.

நவம்பர் 16, ஞாயிறு

சார்ஜரை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வாசலில் சைக்கிள் இல்லை.  "திருடு போயிடுச்சா?" என்று செண்பகத்தைக் கேட்டேன்.

"அக்கா எடுத்துக்கினு போயிருக்குது மாமா. மாவு குடுக்க."

"தள்ளிக்கினா?"

"ஏன், ஓட்டிக்கினுதான்."

தெரு திரும்பி அம்சா வந்தாள். பிரம்புக் கூடையில் மாவு வாளி. சார்ஜ் இல்லாத வண்டி, மோட்டார் கனத்தோடு, அழுத்தி மிதித்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, நேராக வந்து நிறுத்தினாள்.

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"சின்ன வயசுல வல்லத்துல ஸ்கூலுக்கு சைக்கிள்லதான் போனேன். நீ எப்பனா கேட்டியா?"

 கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். அவளை நான் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறேன், மொபெட்டில் பின்னால் உட்கார வைத்திருக்கிறேன்.

சார்ஜ் ஏறுகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன். அரிசி களைந்து கொடுத்தேன். சாயங்காலம் அவள் ஏறி உட்கார்ந்து முறுக்கினாள். "ஐயோ!" என்று ஒரு கூவல். கூடவே சிரிப்பு. பிரேக் மேல கைய வெய்யி, ஓரமாப் போ, மொதல்ல கொஞ்சமா முறுக்கு — எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன். தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். வேர்த்திருந்தாள், கண் மின்னியது.

"இத நீயே வெச்சிக்க" என்றேன். அப்படிச் சொல்லுவேன் என்று எனக்கே தெரியாது.

சார்ஜரை அவள் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் பஸ் பிடித்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

போனேன். பிரேக் கட்டை மாற்றினேன். அம்சா இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு அந்தாண்ட வரைக்கும் மாவு கொடுக்கிறாள். பேசிக்கொண்டே உளுந்து களைந்தோம். எதைப் பற்றி? ஒன்றுமில்லை, உளுந்தைப் பற்றி.

டிசம்பர் 18, வியாழன்

"இன்னொரு சைக்கிள் பாக்கலாமா துரை? உனக்குன்னு?" என்று ராயப்பன் கேட்டான்.

"வாணாம்."

"ஏன்டா?"

"பஸ்ஸு இருக்குதே."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீயைக் குடித்தான்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எனக்கு டூட்டி, கூட்ட நேரம், லீவு கிடையாது. தனியாகப் பொங்கல் வைக்கவில்லை. கெங்கம்மாள் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கேட்டில் கொடுத்தாள். நின்றுகொண்டே தின்றேன். ஊருக்குப் போகிற ஜனம் வண்டி வண்டியாகப் போனது.

ஜனவரி 18, ஞாயிறு

இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தேன். பொங்கல் முடிந்தால் வருவாள் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

"வர்றியா அம்சா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "வரலய்யா. கோவமெல்லாம் இல்ல. இங்க எனக்கு நல்லா இருக்குது. நீ வா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வா."

சரி என்றேன்.  சாப்பிட்டேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன்.

கிளம்பும்போது, "குந்து, பஸ் ஸ்டாண்ட்ல வுடறேன்"னா. ரெண்டு பேரை இழுக்காது என்றேன். இழுக்கும் குந்து என்றாள். பின்னால் கேரியரில் உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் இழுத்தது, ஆனால் இழுத்தது. கடைத்தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். வேகத்தடையைப் பார்க்காமல் ஏற்றி இறக்கினாள், எனக்கு இடுப்பு கழன்றது. ஒரு ஷேர் ஆட்டோ உரசுகிற மாதிரி போனது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கேரியர் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

"எறங்கு, விழுப்புரம் வண்டி நிக்குது. எனக்கு இன்னும் நாலு வூடு பாக்கி இருக்குது." ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வளைத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நெரிசலில் திரும்பிப் பார்க்கவும் கூடாது.

வீட்டுக்கு வந்தேன். லைட் போட்டேன். ஒரு ஆளுக்குச் சோறு வைத்தேன். குக்கர் விசில் வருவதற்குள் போன் அடித்தது.

"வூடு போய் சேந்தியா?"

 இத்தனை வருஷத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. டிரைவர யாரு கேப்பா, போய் சேந்தியான்னு?

"சேந்துட்டேன்" என்றேன்.

"சரி, மாத்திரை போட்டுட்டுப் படு"ன்னா.